பெங்களூரு வீட்டுத் தொட்டியில் ஹில்ஸ்ட்ரீம் லோச் வளர்க்க முடியுமா, ஹீட்டர் வேண்டுமா?

வளர்க்கலாம், நம் ஊரில் ஹீட்டரைவிடக் குளிர்விப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். இது வேகமாக ஓடும் மலையோடையில் பாறையைப் பற்றி வாழும் மீன்; கடைகளில் கிடைக்கும் வரிபோட்ட செவெலியா என்ற வகை வியட்நாமைச் சேர்ந்தது. 20 முதல் 24 டிகிரி வரை இதற்கு உகந்தது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையுமென்றால், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடுவதால், ஏப்ரல், மே மாதங்களில் வெப்பத்தோடு மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே நீர்ப்பரப்பைக் கலக்கும் பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரைத் தள்ளும் சிறு மோட்டார்) கட்டாயம். மேலே சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியான நீரைப் போர்வெல் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்புகள் சேர்ந்து கடினத்தன்மை ஏறும் என்பதால், அந்த அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள். மூடியை எடுத்த இடத்தில் வலை போடுங்கள், ஈரக் கண்ணாடியில் மேலேறி வெளியே விழக்கூடிய மீன் இது.

புதுத் தொட்டியில் விடவே கூடாது என்பேன், பாசிப்படலம்தான் இதன் முதன்மை உணவு. வழவழப்பான கூழாங்கற்களைப் பால்கனி வெயிலில் ஒரு வாளி நீரில் போட்டு வைத்து, பச்சை படர்ந்ததும் மாற்றி மாற்றித் தொட்டியில் வைக்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைக் கவனியுங்கள். குழிந்திருந்தால் பட்டினி கிடக்கிறது என்று பொருள்.