புத்தூர்க்கட்டா, டி.ஓ.வா? – கடிதம்

வணக்கம் ஐயா,

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு எம்.டி. (நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி, இங்கே டாக்டராவதற்கான வழக்கமான பட்டம்) கல்லூரி எதிலும் இடம் கிடைக்கவில்லை. டி.ஓ. என்னும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி ஒன்றில் கிடைத்திருக்கிறது. ஆஸ்டியோபதி என்றதும் மதுரையிலிருந்து என் மாமியார், "எலும்பு வைத்தியமா? அதுக்குப் புத்தூருக்கே அனுப்பலாமே" என்கிறார். அதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அங்கே படிக்கும் சீனியர்கள் சிலர் திருப்தி இல்லை என்று இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கலாமா, ஒரு வருடம் பொறுத்து மறுபடி எம்.டி.க்கு முயலலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் அப்படியொன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் முறையாகப் பிறந்த ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், மின்னல் வேகத்தில் எலும்பைச் சரிசெய்பவர் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டவர்தான். 1864-இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகள்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் திறந்தார்.

பிறகு எம்.டி.க்காரர்களோடு நெடுங்காலச் சண்டை. 1962-இல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி. ஆக்கித் தந்த கூத்தும் நடந்தது. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் டி.ஓ. படிக்கிறார். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எந்த மாநிலத்திலும். 2020-இல் ட்ரம்புக்குக் கோவிட் வந்தபோது மருத்துவமனை வாசலில் நின்று நிருபர்களிடம் பேசினாரே அவருடைய டாக்டர் ஷான் கான்லி, அவர் டி.ஓ. (நம் ஊரில் போர்டில் டி.ஓ. என்று பார்த்தால் கண் டாக்டர். மாமியாரிடம் அதையும் சொல்லிவையுங்கள், குழப்பம் முழுமையாகட்டும்.)

சீனியர்களின் குறைக்கு வருகிறேன். என் அக்கா மகன் ஒரு டி.ஓ. கல்லூரியில் படித்தவன். முதல் வருடம் போனில் பேசினால் கைகளைப் பற்றியே பேசுவான். தலைமுடி ஒன்றைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் மேலே இன்னொரு தாள், அப்புறம் இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் மேஜையில் படுக்க, மற்றவர் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்ப்பார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இப்படி முதல் இரண்டு வருடத்தில் சுமார் 200 மணி நேரம். நோயாளியைத் தொடுவதில் இருக்கும் கூச்சம் தனக்கு அங்கேயே போய்விட்டது என்பான்.

அவனே மண்டையோட்டு எலும்புகள் அசைகின்றன என்ற பாடம் வந்தபோது எரிந்து விழுந்தான். "நம்பாததைப் பரீட்சைக்காகப் படிக்கிறேன் மாமா." நியாயமான கோபம். அதற்குச் சான்று வலுவாக இல்லை.

இன்னொரு சுமை, இரட்டைப் பரீட்சை. டி.ஓ. பட்டத்துக்கு காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுதியே ஆக வேண்டும். ரெசிடென்சியில் (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) எம்.டி. மாணவர்களோடு போட்டி போட, அவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யூ.எஸ்.எம்.எல்.இ.யையும் எழுதிவிடுகிறார்கள் பலர். சில வார இடைவெளியில் இரண்டு மலை, இரண்டு கட்டணம். 2020-இலிருந்து ரெசிடென்சி இடங்கள் இரு தரப்புக்கும் பொதுவாகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் மூளை அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்றவற்றில் டி.ஓ.வுக்குக் கதவு அரைதான் திறக்கும்.

ஆனால் அவன் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட புலம்பல் இதெல்லாம் இல்லை. மூன்றாம் வருடம். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்தப் பயிற்சி மருத்துவமனை கிடையாது. மாணவர்களைப் பல ஊர் மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். இவன் இரண்டு வருடத்தில் நான்கு வீடு மாறினான். ஓர் ஊரில் பிரசவப் பிரிவில் ஆறு வாரம் இருந்து பார்த்த பிரசவங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இன்னொரு ஊரில் ரெசிடென்டே கிடையாது, அதனால் பெரிய டாக்டருக்கு நேர் எதிரே நின்று தையல் போட்டான். அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம், லாட்டரி என்றும் சொல்லலாம்.

பொறுத்தால் அடுத்த வருடம் எம்.டி. கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. மூளை அறுவைதான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இல்லையென்றால், நான் சேர்க்கவே சொல்வேன். பணம் கட்டுமுன் அவளையே கல்லூரிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்: மூன்றாம் வருடம் எந்த ஊர், எந்த மருத்துவமனை, அதை முடிவு செய்வது யார், எத்தனை முறை வீடு மாற வேண்டும்? திருப்தி இல்லை என்ற அந்த சீனியர்களிடமும் இதையே கேட்கட்டும். கல்லூரியிடமிருந்து மழுப்பலான பதில் வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.