கிட்னிக்குத்தானே வைத்தியம், கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு?

உங்கள் அப்பாவுக்கு வயது 58, இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 48, கொலஸ்ட்ரால் நார்மல், நெஞ்சுவலியும் இல்லை. பிறகு எதற்கு ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த நிலையில் இருக்கும் பலருக்கு டயாலிசிஸை விட மாரடைப்புதான் பெரிய ஆபத்து. சிறுநீரகம் தளர்ந்தால் உப்பும் நீரும் தேங்கி பிரஷர் ஏறும், இதயச் சுவர் தடிக்கும். போகப்போக பாஸ்பரஸ் சேர்ந்து ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும். ரத்தசோகை வந்தால் இதயத்துக்கு இன்னும் சுமை. அதனால்தான் 50 வயது தாண்டிய, டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோயாளிகளுக்கு, கொலஸ்ட்ரால் எண் எப்படியிருந்தாலும், ஸ்டாட்டின் பரிந்துரைக்கிறார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தீர்களா? ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல். சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30 mg/g-ஐத் தாண்டினால் இதய ஆபத்தும் கூடும். அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.