முருங்கைக் காட்டை விற்று மகளை விவசாய வணிகம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் முருங்கை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். விவசாய வணிக மேலாண்மைதான் படிப்பேன் என்கிறாள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 5 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கிடைக்காவிட்டால் ஒரு தனியார் கல்லூரியில் 12 லட்சம் கேட்கிறார்கள். அதே 12 லட்சத்துக்கு ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் உறவினர். வங்கியில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3 லட்சம். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? நிலத்தை விற்கலாமா?

பதில்: நிலத்தை விற்க வேண்டாம். படிப்பு நல்ல படிப்பு, சேர்த்துவிடுங்கள். ஆனால் எங்கே சேர்க்கிறீர்கள், எவ்வளவு கடனோடு வெளியே வருகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வேலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். விதை, உரம், பூச்சிமருந்து நிறுவனங்கள், காய்கறி கொள்முதல் செய்யும் சூப்பர் மார்க்கெட்டுகள், ஏற்றுமதியாளர்கள், விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் எல்லோருக்கும் இந்தப் படிப்பு முடித்தவர்கள் தேவை. ஆனால் முதல் வேலை ஏசி அறையில் இருக்காது. வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து கடை ஏறி இறங்க வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும், வயலில் நின்று விவசாயியிடம் பேச வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கே மாதம் 25,000 ரூபாய் வரைதான் உதவி. அதனால் முதல் சம்பளம் 20,000 முதல் 25,000 என்று வைத்தே கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் வந்தால் சந்தோஷம்.

அரசு வேலையில் ஒரு விஷயத்தை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சி நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு பி.எஸ்சி. விவசாயம் கேட்பார்கள், விவசாய வணிகம் படித்தவர்கள் அதில் உட்கார முடியாது. ஆனால் பொதுத்துறை வங்கிகளின் விவசாய அதிகாரி பணிக்கு, வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் வெளியிடும் தகுதிப் பட்டியலில் விவசாய வணிக மேலாண்மை பெயர் சொல்லியே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் மட்டும் 48,480 ரூபாயில் தொடங்குகிறது. நான்கு வருடப் பட்டமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று வருட பிபிஏ-வில் ‘அக்ரி பிசினஸ்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து விற்கிறார்கள், அதில் ஏமாந்துவிடாதீர்கள். தனியார் கல்லூரி என்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கடிதத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிறகு மேல்படிப்புக்குப் போகும்போது கதவு சாத்தப்படும்.

சரி, இனி பணக் கணக்கு. கோவையில் இடம் கிடைத்தால் 4 லட்சம் கல்விக் கடன், டெபாசிட்டிலிருந்து 1 லட்சம். மீதி 3 லட்சத்தைத் தொடாதீர்கள், வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அதுதான் கை கொடுக்கும். 4 லட்சம் வரை வங்கி உங்கள் பங்கும் கேட்காது, அடமானமும் கேட்காது. வருடத்துக்கு 1 லட்சமாக, 10 சதவீத வட்டியில் வாங்கினால், படிப்பு நான்கு வருடம், அதன் பின் ஒரு வருட அவகாசம் முடியும்போது வட்டி 1.40 லட்சம் சேர்ந்திருக்கும். மொத்தம் 5.40 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்ட மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய். உங்கள் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பதால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். மானியம் கிடைத்துவிட்டால் அந்த 1.40 லட்சம் இல்லை, தவணையும் 5,290-க்கு இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கு பல வங்கிகள் அரை சதவீதம் குறைக்கின்றன, அதையும் கேட்டு வாங்குங்கள். புதுமைப் பெண் திட்டம் 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் வந்திருக்கிறது. மாதம் 1,000 ரூபாய், விடுதியில் கைச்செலவுக்கு ஆகும்.

இப்போது 12 லட்சத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள். சேரும் வட்டி 4.20 லட்சம், தவணை சுமார் 21,400. முதல் சம்பளம் முழுக்க அதற்கே போய்விடும். 7.5 லட்சத்தைத் தாண்டினால் அடமானமும் கேட்பார்கள். கடன் நின்றுபோனால், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் விவசாய நிலத்தில் கைவைக்க முடியாது என்பதால் வங்கிகள் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்கும். நிலத்தை விற்றால் கடனே இல்லையே என்பீர்கள். கிராமத்து விவசாய நிலம் என்றால் வரியும் வராதுதான். ஆனால் ஒரு ஏக்கர் போனால் வருட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அப்புறம் அந்த ஏக்கரைத் திரும்ப வாங்கவே முடியாது.

தவணை 7,000 என்றால் 22,000 சம்பளத்தில்கூட அவள் தொழில் கற்றுக்கொள்கிற இடத்தில் தைரியமாக இரண்டு வருடம் இருக்கலாம். 21,000 என்றால், கற்றுக்கொள்ள எதுவும் இல்லாவிட்டாலும் யார் அதிகம் தருகிறார்களோ அங்கே ஓட வேண்டும். குறைந்த கடனை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அந்த இரண்டு வருட அனுபவத்தோடு குஜராத்தின் ஆனந்த் ஊரில் அமுல் புகழ் வர்கீஸ் குரியன் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மா, ஹைதராபாத்தில் உள்ள வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜ் போன்ற இடங்களில் மேலாண்மை படிக்கப் போகலாம். சொந்தத் தொழில் என்றால், வேளாண் பட்டதாரிகளுக்கான அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் பயிற்சி முடித்து, தனிநபராக 20 லட்சம் வரை திட்டம் போடலாம், பெண்களுக்கு 44 சதவீதம் மானியம். முருங்கை இலைப் பொடி பண்ணலாம் என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றினால், இலை உங்கள் காட்டிலேயே இருக்க வேண்டும் இல்லையா?

கோவையில் இந்த வருடம் விவசாய வணிகம் கிடைக்காமல், அங்கேயே அல்லது அதன் உறுப்புக் கல்லூரியில் பி.எஸ்சி. விவசாயமோ தோட்டக்கலையோ கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். வணிகத்தை முதுகலையில் படித்துக்கொள்ளலாம். 12 லட்சம் கொடுத்து வாங்கும் இடத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கலந்தாய்வுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விடியற்காலை சந்தைக்கு மூட்டை கொண்டுபோகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். மண்டிச் சீட்டை அவள் கையில் கொடுங்கள். கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, பறிப்புக்கூலி எல்லாம் கழித்து ஒரு கிலோவுக்குக் கையில் என்ன நின்றது என்று அவளே எழுதட்டும். கிலோ 10 ரூபாய்க்கு விற்ற ஒரு நாளையும், 100 ரூபாய்க்கு விற்ற ஒரு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அவளுக்குக் கேள்வி கேள்வியாக வந்தால், விருப்பப் பட்டியலில் விவசாய வணிகத்தை முதலில் போடுங்கள். உறவினரிடம் நிலம் விற்பனைக்கு இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.