வீட்டுத்திட்டம் வருமுன் காணிப் பத்திரம்: விதானையாரிடம் போவதற்கு முதல் செய்ய வேண்டியவை

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் தகரக் கொட்டிலில் நானும் ஏ.எல். படிக்கும் மகனும் இருக்கிறோம். கணவர் 2009இல் காணாமற்போனவர். இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்குப் புள்ளி போதாது என்று விட்டுவிட்டார்கள். இருக்கும் அரை ஏக்கர் மேட்டுக்காணி அப்பாவின் பெர்மிற்றில் உள்ளது. அம்மா முன்னரே இல்லை. அப்பாவும் போன வருசம் தவறிவிட்டார். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இப்போது விதானையாரிடம் போனால் 'காணிப் பத்திரம் உங்கள் பெயரில் இல்லையே' என்கிறார். வீட்டுத்திட்டத்துக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. வீட்டுத்திட்ட விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.

காரணம் இது. எங்கள் பகுதியில் ஆண்டு முழுவதும் திறந்திருந்து, போனவுடன் பதிந்துகொள்ளும் வீட்டு விண்ணப்பம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கொழும்பில் நிதி ஒதுக்கப்படும். மாவட்டத்துக்கு இத்தனை வீடு என்று கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வரும். கச்சேரி அதைப் பிரதேச செயலகங்களுக்குப் பிரிக்கும். அங்கிருந்து 'தகுதியானவர்களின் பெயரை அனுப்புங்கள்' என்று விதானையாருக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, கடிதம் போகும். கடிதம் வருவதற்கும் பட்டியல் திரும்பிப் போவதற்கும் இடையில் பெரும்பாலும் சில நாட்கள்தான் கிடைக்கும். அந்தச் சில நாட்களில் ஒரு பெர்மிற்றைப் பெயர் மாற்றவே முடியாது. அதனால்தான் தேவை கூடிய குடும்பம் நிற்க, பத்திரம் சரியாக உள்ள குடும்பம் முன்னால் போய்விடுகிறது. விதானையாரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. காணி தெளிவில்லாத பெயரை அவர் எழுதினாலும் மேலே திட்டமிடல் கிளையில் வெட்டிவிடுவார்கள்.

அப்பாவின் பெர்மிற்

முதலில் அது எந்த வகைப் பத்திரம் என்று பாருங்கள். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. ஊரில் இதை எல்.டி.ஓ. பெர்மிற் என்பார்கள். அதன் பின்பக்கத்தில் அல்லது இணைப்பில் பின்னுரித்தாளி (பெர்மிற்காரருக்குப் பின் காணியைப் பெறுபவர்) என்ற ஓர் இடம் இருக்கும். அப்பா அங்கே யாருடைய பெயரையாவது பதிவித்திருந்தால் காணி அவருக்கே போகும். பத்திரத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தாலும் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயர் பதியப்பட்டிருக்கலாம். எனவே பேரேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெயர் எதுவும் குறிக்கப்படாவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி உரிமை இறங்கும். முன்பு அதில் மகனுக்கே முதலிடம். அக்கா இருக்கத் தம்பியின் பெயருக்குக் காணி போன குடும்பங்கள் வன்னியில் ஏராளம். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண்-பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. இப்போது பிள்ளைகளில் மூத்தவரே முன்னிற்பவர். உங்கள் அப்பா இறந்தது போன வருசம் என்பதாலும் நீங்கள் மூத்தவர் என்பதாலும் இது உங்களுக்குப் பெரிய பலம். காணிக் கிளையில் யாராவது பழைய நினைவில் 'தம்பியைக் கூட்டிவாருங்கள், அவருக்குத்தான் எழுதலாம்' என்றால் இந்தத் திருத்தத்தைச் சொல்லுங்கள். (இதை வாசிக்கும் வேறு வீடுகளில் தாயார் உயிரோடிருந்தால் கதை வேறு. கணவன் இறந்தபின் உரிமை முதலில் மனைவிக்குத்தான். ஆனால் அந்தக் காணியை விற்கவோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவோ அவரால் முடியாது.)

கொண்டுபோக வேண்டியவை: பெர்மிற்றின் மூலப்பிரதி, அப்பா அம்மா இருவரினதும் இறப்பு அத்தாட்சிப்பத்திரங்கள், உங்களதும் தம்பியினதும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரங்கள், குடும்பத்தில் வேறு பிள்ளைகள் இல்லை என்பதற்கான சத்தியக் கடதாசி. தம்பியின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் இருந்தால் வேலை சுருங்கும். குடியேற்ற உத்தியோகத்தர் காணிக்கு நேரில் வந்து யார் இருக்கிறார், எல்லை எது என்று பார்த்து அறிக்கை எழுதுவார். அன்று நீங்கள் காணியில் நிற்க வேண்டும். எல்லைக்காரர்களும் நின்றால் நல்லது. பெர்மிற் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு போய்ப் பேரேட்டுப் பதிவின் அடிப்படையில் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். போரில் பேரேடே அழிந்துபோன இடங்களில் பழைய நீர்வரி, கமநலப் பற்றுச்சீட்டுகள், வாக்காளர் இடாப்பு என்று இருப்பதையெல்லாம் கோவையில் (பைலில்) போடுங்கள்.

பெயர் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 'பின்னுரித்து மாற்றத்துக்கு விண்ணப்பித்துள்ளார், காணியில் பிணக்கு இல்லை' என்று பிரதேச செயலாளரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். சில திட்டங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. குறுக்கு வழியாகத் தம்பியின் பெயருக்குக் காணியை எழுதி, அவருடைய சம்மதக் கடிதத்தில் நீங்கள் வீடு கட்டுவதை மட்டும் தவிருங்கள். காணி யாருடையதோ வீடும் சட்டப்படி அவரோடுதான் போகும். இன்று தம்பி நல்லவர். நாளைக்கு அவருக்கும் பிள்ளைகள் வளரும்.

பெர்மிற்றே இல்லாதவர்கள், அதாவது 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும் மத்திய வகுப்புத் திட்டக் காணிகளில் (நடுத்தர வருமானக்காரருக்கு அரசு கொடுத்தவை) வேறொருவரின் பெயரில் உள்ள துண்டில் இருப்பவர்களும், காணிக் கச்சேரி (காணி கேட்பவர்களை விசாரித்துத் தெரியும் கூட்டம்) வைக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் அந்தத் துண்டு வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள்ளோ குளத்து ஒதுக்கிலோ விழவில்லை என்று உறுதிசெய்யுங்கள். விழுந்திருந்தால் மாற்றுக்காணி கேட்பதே வழி. வயல் காணியில் மண் நிரப்பி வீடு கட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி நிரப்புவது குற்றம்.

காணாமற்போன கணவர்

குடும்ப விபரத்தில் கணவரின் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறுமையாக இருந்தால் 'கணவர் வெளிநாட்டில்', 'பிரிந்திருக்கிறார்' என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காகவே 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. இது இரண்டு வருடத்துக்குச் செல்லும், நீடிக்கலாம். இதை எடுப்பதால் கணவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது, தேடுதலும் நிற்காது. பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவில் பதிந்த கடிதம், காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் பதிவு ஆகியவற்றில் உள்ளதைக் கொண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெண் தலைமைத்துவக் குடும்பமாகப் பதிந்து, அந்தக் கடிதத்தையும் கோவையில் வையுங்கள்.

புள்ளியும் பட்டியலும்

இந்திய வீட்டுத்திட்டத்தில் புதுவீட்டுக்கு 5,50,000 ரூபா, 550 சதுர அடி என்று கணக்கு. அங்கத்தவர் தொகை, சிறுபிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் என்று புள்ளி போட்டபோது தனியாளும் இருவர் குடும்பமும் கீழே போய்விட்டன. பிறகு வந்த எல்லாத் திட்டத்துக்கும் அதே அளவுகோல் இல்லை. அன்று விடுபட்டது இன்றைக்கு உங்களைத் தகுதியிழக்கச் செய்யாது. 'முன்னர் எந்த வீட்டுத்திட்டத்திலும் உதவி பெறவில்லை' என்ற உறுதிப்படுத்தலைக் கிராம அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். சிலவேளை பெற்றோருக்குக் கிடைத்த தற்காலிக வீட்டு உதவி உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் ஏறியிருக்கும். பட்டியல் கச்சேரியில் ஒப்பிடப்படும்போதுதான் அது வெளியே வரும்.

விபரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) விண்ணப்பத்தில் 'செங்கல் சுவர், ஓட்டுக்கூரை' என்று கணக்கெடுப்பாளர் தவறாகப் போட்டிருந்தால், வீட்டுப் படிவத்தில் தகரக் கொட்டில் என்று எழுதும்போது இரண்டும் மோதும். முதலில் அதைத் திருத்துங்கள். மகன் படிப்புக்காக வேறிடத்தில் தங்கியிருந்தாலும் உங்கள் குடும்ப அட்டையிலும் வாக்காளர் பதிவிலும் இருக்க வேண்டும். கொட்டிலின் உள்ளும் புறமும் நான்கு படம் எடுத்து வையுங்கள். மழைக்குள் எடுத்தது ஒன்று இருந்தால் நல்லது.

கோவையின் ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் இன்னொன்றைத் திட்டமிடல் கிளையிலும் மூன்றாவதை மாவட்டத்தின் தேசிய வீடமைப்பு அதிகார சபை அலுவலகத்திலும் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டியல் ஒட்டியும் பெயர் இல்லையென்றால், கத்திச் சண்டை பிடிப்பதைவிட 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுவது பலன் தரும். 'எந்தப் புள்ளி முறை? எனக்கு எத்தனை புள்ளி? கடைசியாகத் தெரிவான குடும்பத்துக்கு எத்தனை?' என்று மூன்று கேள்வி போதும். 14 வேலைநாட்களுக்குள் முடிவு தர வேண்டும். தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க நியமிக்கப்பட்டவர்) 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்குமேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. பட்டியலில் பெயர் போடக் காசு கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள்.

பெயர் வந்த பிறகு

காசு ஒரே தடவையில் வராது. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று படிப்படியாக, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பின்தான் அடுத்த தவணை வங்கிக்கு வரும். வன்னியில் வீடுகள் அரைகுறையாக நிற்பதற்கு இரண்டு காரணம். ஒன்று உங்கள் கையில் இல்லை: 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் வீடமைப்பு அதிகார சபையின் பல வீடுகளுக்குத் தவணை நின்றதுபோல எப்போதும் நடக்கலாம். மற்றது எங்கள் ஆசை: 550 சதுர அடிக்குக் காசு வரும்போது 'ஒருக்காத்தானே கட்டுறது' என்று 800க்கு அத்திவாரம் வெட்டுவது. அத்திவாரத்தைப் பெருப்பித்தால் சுவர், கூரை எல்லாம் பெருக்கும். கடைசியில் நகை அடகுக்குப் போகும், கிழமைக் கடன்காரர் வாசலுக்கு வருவார்கள். கொடுத்த வரைபடத்தின்படியே கட்டுங்கள். பின்னால் கூட்டிக் கட்ட வசதியாக ஒரு பக்கச் சுவரை விட்டுவைக்கலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 22 அடிக்கு 25 அடி வீட்டின் வெளிச்சுவர் 94 அடி; உட்சுவர் ஏறத்தாழ 50 அடி. 9 அடி உயரத்துக்கு 1,296 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 150 கழித்தால் 1,146. பதினாறுக்கு எட்டு அங்குலச் சீமெந்துக் கல்லில், அரை அங்குலச் சாந்தோடு, நூறு சதுர அடிக்கு 103 கல் போகும். ஆக 1,180, உடைவுக்கு 60 சேர்த்தால் 1,240. மேசன் 1,800 என்று சொன்னால் எந்தச் சுவருக்கு என்று கேளுங்கள்.

கல்லை வளவிலேயே அரிந்தால் மலிவு, ஆனால் ஒரு கிழமையாவது காலை மாலை நனைக்க வேண்டும். ஆடி, ஆவணியில் கிணறு வற்றினால் அங்கேதான் பிழைக்கும். நனையாத கல் கையில் உதிரும், உத்தியோகத்தர் தவணையை நிறுத்துவார். முல்லைத்தீவுக் கரையோர மணலை மலிவென்று ஏற்றாதீர்கள். உப்பு, லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் வளை) கம்பியைத் தின்றுவிடும். மணலைக் கியூப் கணக்கில் வாங்குங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி; பெட்டியின் நீள, அகல, உயரத்தை அளந்தபின் கொட்டச் சொல்லுங்கள். புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி இல்லாத மணல் வழியில் பிடிபட்டால் முற்பணம் திரும்பி வராது. கூரைக்குச் சொந்த வளவுப் பனையைத் தறிப்பதானாலும் பெண் பனைக்கு அனுமதி வேண்டும்.

அத்திவாரக் கல் அடுக்கியதும் மண் மூடாதீர்கள். நாடாவை வைத்து ஆழம் தெரியப் படம் எடுத்து, உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவர் பார்த்தபின் மூடுங்கள். மூடியதைத் திரும்பக் கிண்டச் சொன்னால் கூலி உங்கள் தலையில். புரட்டாதிக்குள் கூரை ஏறாது என்று தெரிந்தால் சுவரை லின்டல் மட்டத்தோடு நிறுத்தி, மேலே மூடிக் கட்டிவிட்டு மாரி முடியத் தொடங்குங்கள். ஐப்பசி மழையில் கூரையில்லாத உயரச் சுவர் நிற்காது.

வீடு முடிந்ததும் இறுதி அறிக்கையின் பிரதியையும் தவணைப் பதிவுகள் உள்ள வங்கிப் புத்தகத்தையும் காணிக் கோவையோடு வையுங்கள். பெர்மிற்றை அளிப்புப் பத்திரமாக, அதாவது நிலையான உரிமைப் பத்திரமாக, மாற்ற விண்ணப்பிக்கும்போது காணியை அபிவிருத்தி செய்ததற்கு அவைதான் அத்தாட்சி. அந்த விண்ணப்பத்தோடேயே உங்கள் மகனின் பெயரைப் பின்னுரித்தாளியாகப் பதிவித்துவிடுங்கள்.