கூட்டத்துக்கு முன்னால் ஸ்டில் லைஃப் வரைவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மேசையில் நாலு பொருளை வைத்து, நேரில் பார்த்து, ஆட்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வரைவது பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அக்கா, முதல் டெமோ. இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். என்ன பொருள் வைக்கலாம்?

மூன்று போதும். உயரமாக ஒன்று, உருண்டையாக ஒன்று, படுத்தமாதிரி ஒன்று: ஒரு மண் ஜாடி, ஒரு எலுமிச்சை, மடித்த துணி. ஜாடி கருத்ததாக, பழம் வெளிர் நிறமாக இருந்தால் கடைசி வரிசைக்கும் புரியும். சரிகைத் துணி, திராட்சைக் கொத்து, பூவேலை செய்த கிண்ணம் எல்லாம் வீட்டில் தனியாக இருக்கும்போது வரைந்துகொள்ளுங்கள். பளபளக்கும் பித்தளைப் பாத்திரத்தை மட்டும் யோசித்து வையுங்கள், அதில் முன்வரிசையில் இருப்பவரின் சட்டை நிறம்கூடத் தெரியும், அவர் எழுந்து போனால் நீங்கள் பார்த்து வரைந்த நிறமும் கூடவே போய்விடும்.

கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம் சரியாக இருக்கும். அதைவிடச் சிறியது பின்னால் தெரியாது, பெரியதை நிரப்பவே நேரம் போய்விடும்.

கே: ஈசலை (கேன்வாஸை நிறுத்தும் தாங்கியை) எங்கே வைப்பது, ஆட்கள் எங்கே உட்காருவது? போனமுறை என் முதுகைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

வலது கைக்காரர் என்றால் பொருள் வைத்த மேசை ஈசலுக்கு இடப்பக்கம் வரட்டும், அப்போதுதான் உங்கள் கையே உங்கள் பார்வையை மறைக்காது. ஆட்கள் உங்களுக்குப் பின்னால் இடப்பக்கமாக உட்கார்ந்தால் கேன்வாஸும் தெரியும், பொருளும் தெரியும். இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். கேன்வாஸின் மேல்விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வையுங்கள், ஈரமான ஆயில் பெயின்ட் மேல் விளக்கு பளிச்சென்று அடிப்பது குறையும். வெள்ளைச் சட்டை வேண்டாம், அந்த வெளிச்சம் கேன்வாஸில் வந்து விழும். கருஞ்சாம்பல் நல்லது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் பார்ப்பதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. உங்கள் இடத்திலிருந்து பழம் ஜாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும், வலதுகோடியில் இருப்பவருக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி தெரியும். நின்று வரைகிற உங்களுக்கு ஜாடியின் வாய் அகன்ற வட்டமாகத் தெரிந்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் கோடு. அதனால் பொருளை உங்கள் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே வரும்படி உயர்த்தி வையுங்கள், தொடங்கும்போதே இதைச் சொல்லியும் விடுங்கள். இடைவேளையில் நீங்கள் நின்ற இடத்தில் ஒவ்வொருவரையும் வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கே: ஜன்னல் வெளிச்சமா, விளக்கா?

டெமோவுக்கு விளக்கு. ஜன்னல் வெளிச்சம் அழகுதான், ஆனால் ஒரு மேகம் வந்தால் நிழல் கரைந்துவிடும், அத்தனை பேர் முன்னால் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க முடியாது.

பொருளுக்கு ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில், மேலிருந்து. கேன்வாஸுக்கும் நிறம் கலக்கும் பலகைக்கும் (பேலட்) சேர்த்து இன்னொன்று. இந்த இரண்டாவது விளக்கு பொருள் மேல் கசிந்தால் இரட்டை நிழல் விழும், நடுவில் ஒரு அட்டையை நிறுத்துங்கள். ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வெட்டிவிட்டு உள்ளே பொருளை வைத்தால் இன்னும் நல்லது, அரங்கத்தின் மேல்விளக்குகள் என்ன செய்தாலும் கவலையில்லை. எல்ஈடி வாங்கும்போது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 5000 கெல்வின் பக்கமாக, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியாது, மறுநாள் பகலில் படத்தைப் பார்த்து நொந்துகொள்வீர்கள்.

கே: பேசிக்கொண்டே வரைய வரவில்லை சிஸ்டர். பேசினால் கை நின்றுவிடுகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். அளவு பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள், நிறம் கலக்கும்போது பேசுங்கள். கலக்கும் நேரத்தில்தான் சொல்வதற்கும் விஷயம் இருக்கும்: இந்த நிழல் கறுப்பில்லை, பழத்தைவிட மங்கல், கொஞ்சம் பச்சை கலந்தது, அதனால் இதைச் சேர்க்கிறேன் என்று. "அடுத்த பத்து நிமிடம் பேசமாட்டேன்" என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது அவர்களையும் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். கூட்டம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் உங்கள் பயமும் கொஞ்சம் போய்விடும்.

கே: ஆயிலா, அக்ரிலிக்கா, வாட்டர்கலரா?

உங்களுக்குக் கை பழகியது எதுவோ அது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும், வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும், இது கூட்டத்துக்குத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆயிலில் அந்தத் தொல்லை இல்லை, வைத்த நிறம் வைத்தபடி நிற்கும், துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம், அதனால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் மூடிய அறையில் ஆயில் பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைனைத் திறந்து வைக்காதீர்கள், பிரஷைத் துணியில் துடைத்து எண்ணெயில் அலசினாலே இரண்டு மணி நேரம் ஓட்டலாம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.

கே: இரண்டு நாள் நிகழ்ச்சி. பூ வாடாதா? யாராவது பொருளை நகர்த்தினால்?

வாடும், அதற்கு முன்னால் விரியும். பூவை முதலில் வரைந்து முடியுங்கள், ஜாடி காத்திருக்கும். பிரெஞ்சு ஓவியர் செசான் அவ்வளவு மெதுவாக வரைந்ததால் காகிதப் பூக்களை வைத்துக்கொண்டார் என்பார்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. பொருள் நகர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு வழி, இத்தாலிய ஓவியர் மொராண்டி செய்ததுதான்: பாட்டில்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மேசைக் காகிதத்திலேயே கோடு போட்டுவைத்தார். உங்கள் பாதம் நிற்கும் இடத்துக்கும் தரையில் டேப் ஒட்டுங்கள், பொருளைவிட நாம்தான் அதிகம் நகர்கிறோம்.

கே: பெரிய ஓவியர்கள் இப்படிக் கூட்டத்தில் வரைந்திருக்கிறார்களா?

உண்டு. 1835இல் லண்டனில் டர்னர், ஏதோ சில திட்டுகளோடு அனுப்பியிருந்த கேன்வாஸை, கண்காட்சிச் சுவரில் மாட்டிய பிறகு சக ஓவியர்கள் சுற்றி நிற்க அங்கேயே வரைந்து முடித்தார். நாடாளுமன்றம் எரிந்த காட்சி அது. 1956இல் பாரிஸில் ஜார்ஜ் மத்தியூ ஒரு நாடக மேடையில் 12 மீட்டர் நீளக் கேன்வாஸை ஜனங்கள் முன்னால் வரைந்தார். ஆனால் எரிந்த கட்டடம் டர்னர் பக்கத்தில் இல்லை, மத்தியூ வரைந்தது எந்தப் பொருளையும் காட்டாத அரூபம். ஒப்பிட எதுவும் கிடையாது. நமக்கோ பக்கத்திலேயே எலுமிச்சை உட்கார்ந்திருக்கிறது, எட்டு வயதுப் பிள்ளைகூட "அது இவ்வளவு பெரிசு இல்லையே" என்று சொல்லலாம். வித்தையில் நாம் அவர்கள் பக்கத்தில்கூட வரமுடியாது, மாட்டிக்கொள்வதில் மட்டும் முந்திவிடுவோம்.

கே: அப்படி யாராவது "கோணலா இருக்கு" என்று சொன்னால்?

பிரஷ் காம்பை நீட்டி அளந்து காட்டுங்கள். அவர் சொன்னது சரி என்றால் அவர் கண்முன்னே சுரண்டித் திருத்துங்கள், எனக்குத் தெரிந்தவரை கூட்டம் அதிகம் நிமிர்ந்து உட்காருவது அந்த இடத்தில்தான். சரியில்லை என்றால், அவரை உங்கள் இடத்தில் நிற்க வையுங்கள்.

கே: கோட்டுப்படத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் ஏமாற்றா?

சொல்லிவிட்டால் ஏமாற்று இல்லை. ஆனால் மேசையில் பொருளை அதே இடைவெளியில் திரும்ப அடுக்குவது பெரும்பாடு, புதிதாக வரைவதே சுலபம். அதே பொருட்களை வீட்டில் ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டு வெறும் கேன்வாஸோடு போங்கள்.

கே: நேரம் முடிந்தது, படம் முடியவில்லை. என்ன செய்வது?

ஜாடியும் பழமும் அவற்றின் நிழலும் நின்றுவிட்டதா? போதும், துணியை விட்டுவிடுங்கள். அவசரமாகப் பின்னணியைப் பூசி மூடாதீர்கள், வெறுமையாக இருக்கும் இடத்தில் எப்படித் தொடங்கினீர்கள் என்பதை அவர்கள் கிட்டே வந்து பார்ப்பார்கள். ஈரப் படத்தைத் தொட்டும் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.