கச்சான் இலை கொட்டுகிறது: மரபணு வாசிப்பு கைகொடுக்குமா?

கேள்வி: மூதூர்ப் பக்கம் மேட்டு மணல் காணி. மூன்று போகமாக ஒரே துண்டில் கச்சான் போடுகிறேன். அறுபது நாள் தாண்டினால் இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து கொட்டுகிறது. பிடுங்கும்போது காய் மண்ணுக்குள்ளேயே அறுந்துபோகிறது. மரபணுவை வாசித்து நோய் தாங்கும் இனம் எடுக்கிறார்கள் என்கிறான் கம்பசில் படிக்கும் மகன். அது மரபணு மாற்றிய விதையா ஐயா?

பதில்: மகன் சொல்வதில் பிழையில்லை. ஆனால் வாசிப்பது வேறு, மாற்றுவது வேறு. வாசிப்பதால் விதையில் ஒன்றும் மாறாது. நல்ல குணம் எந்தச் செடியில் இருக்கிறது என்று வேளைக்கே தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

கச்சானை வாசிப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. தென் அமெரிக்காவின் இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்த பயிர் இது. மரபணுவைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் இரண்டிலிருந்தும் வந்து உள்ளே கிடக்கின்றன, மொத்தம் 40. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு புத்தகங்களைக் கிழித்துக் கலந்துவிட்டு அடுக்கச் சொன்ன கதைதான். அதனால் 2016இல் முதலில் அந்தக் காட்டினங்களை வாசித்தார்கள்; நாம் பயிரிடும் கச்சானின் முழு வாசிப்பு 2019இல்தான் வெளிவந்தது.

இந்தியாவின் ஜிபிபிடி 4 என்ற இனம் இலைப்புள்ளி நோயையும் துரு நோயையும் தாங்கும். அந்தக் குணம் ஒரு காட்டுக் கச்சானிலிருந்து வந்தது. அதை வேறு இனத்துக்கு ஏற்ற, முன்பெல்லாம் வயலில் நோய் வரும்வரை காத்திருந்துதான் செடியைத் தெரிவுசெய்வார்கள். இப்போது இளஞ்செடியின் இலைத்துண்டிலேயே மரபணுவைப் பார்த்து, குணம் இல்லாததைக் கழித்துவிடுகிறார்கள். டிஏஜி 24 போன்ற பழைய இனங்களுக்கு இப்படித்தான் ஏற்றினார்கள். பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்த கலப்புத்தான், மரபணு மாற்றம் அல்ல. தாங்கும் என்றால் நோயே வராது என்றும் எண்ணவேண்டாம்.

அந்த விதைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மூன்று போகம் ஒரே துண்டு என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த நோயைத் தரும் பூசணம் பழைய கொடியில் குந்தியிருக்கிறது. கொடியையும் தானாக முளைத்த செடிகளையும் அகற்றுங்கள். வரும் போகம் அங்கே சோளமோ எள்ளோ போடுங்கள். இலை கொட்டுவதால் புள்ளி நோய்தான் என்று நினைக்கிறேன். துரு என்றால் இலை காய்ந்தும் செடியிலேயே தொங்கும், அடிப்பக்கம் தடவினால் செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசணநாசினி அடிப்பதென்றால் முதல் புள்ளி கண்ட கிழமையே அடிக்க வேண்டும். கொட்டியபின் அடிப்பது காசைக் கடலில் போடுவதுதான். எந்த மருந்து, எவ்வளவு என்று இலையோடு போய் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நோய் தாங்கும் விதை கிடைக்குமா என்றும் அப்படியே விசாரித்துவிடலாம்.