பிரிட்டிஷ் ராப்பில் பெரிய லேபிள்களுக்கு (இசை வெளியீட்டு நிறுவனங்களுக்கு) வெளியே புதிதாக யாரைக் கேட்கலாம்? ஸ்போக்கன் வேர்ட், அதாவது மேடையில் கவிதையைப் பேசிக் காட்டுவது, தனி உலகமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. தனி உலகம் இல்லை. பெரும்பாலும் அதே ஆட்கள்தான். பின்னணியில் பீட் (தாள இசை) ஓடினால் ராப்பர் என்கிறார்கள், பீட்டை நிறுத்தினால் கவிஞர் என்கிறார்கள்.

கே டெம்பெஸ்டைப் பாருங்கள். தென்கிழக்கு லண்டன்காரர். 16 வயதில் டீல் ரியல் என்ற ஹிப்ஹாப் ரெக்கார்டுக் கடையில், யாரும் ஏறிப் பாடக்கூடிய ஓப்பன் மைக்கில் ராப் செய்யத் தொடங்கியவர். 2013இல் கவிதைக்கான டெட் ஹியூஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே 'எவ்ரிபடி டவுன்' ஆல்பம், பிரிட்டிஷ், ஐரிஷ் ஆல்பங்களில் சிறந்ததற்குத் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. கவிதைக்காரர்களும் இசைக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் 'இவர் எங்கள் ஆள்' என்று இழுத்தார்கள்.

இந்தக் கலப்பு நேற்று வந்ததில்லை. ஜமைக்காவில் பிறந்து லண்டனின் பிரிக்ஸ்டனில் வளர்ந்த லிண்டன் க்வேசி ஜான்சன் 1970களிலேயே ஜமைக்காவின் ரெகே இசைத் தாளத்தின் மேல் கவிதை சொன்னவர். இனவெறி, போலீஸ் கெடுபிடி எல்லாவற்றையும் ஜமைக்கப் பேச்சுமொழியிலேயே சொன்னார். ஆப்பிள்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ் என்ற அமைப்பு 1982 முதல் கவிஞர்களை மேடையேற்றி வருகிறது. இன்றைய பிள்ளைகள் அந்த வழியில் வந்தவர்கள்தான். பிரிட்டிஷ் ராப்பை அமெரிக்க ராப்பின் நகல் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்பேன்.

போலீஸ் என்றதும் இன்னொன்று. 2005இல் லண்டன் போலீஸ் 'ஃபார்ம் 696' என்று ஒரு படிவம் கொண்டுவந்தது. பதிவு செய்த பின்னணி இசைக்கு டிஜேவும் (பாட்டு ஓட்டுபவர்) எம்சியும் (மைக்கில் ராப் செய்பவர்) நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால் விவரங்களை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். என்ன வகை இசை, எந்த இனத்து ஆட்கள் வருவார்கள் என்றுகூடத் தொடக்கத்தில் கேட்டார்கள்! எதிர்ப்பு வலுத்து 2017இல்தான் கைவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ச்சிகள் ரத்தாவது சகஜம். பீட் இல்லாமல் வெறும் மைக்கில் பேசுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கவிதை இரவுகளில் ராப்பர்கள் கூடியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். 2006இல் ஜமால் எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் தொடங்கிய, ராப்பர்களைப் படம்பிடித்துப் போட்ட எஸ்பிடிவி யூடியூப் சேனல் அவ்வளவு வேகமாக வளர்ந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பெரிய லேபிளைச் சாராத 'சுயாதீனம்' என்பதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் வேறு கதை. ராப்பர் லிட்டில் சிம்ஸ் லண்டனின் இஸ்லிங்டனில் ஓர் இளைஞர் மன்றத்தில் உருவானவர், ஏஜ் 101 என்ற சொந்த லேபிளில் வெளியிட்டு வந்தவர். 2022 தொடக்கத்தில் பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட் விருது வாங்கினார். சில வாரங்களிலேயே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தார்: எல்லாச் செலவும் தன் கையிலிருந்து, போனால் பெரிய நஷ்டம் என்று வெளிப்படையாகவே எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவெர்ட்' ஆல்பத்துக்கு மெர்க்குரி. பரிசுத் தொகை 25,000 பவுண்ட். ஒரு பேண்டைக் கூட்டிக்கொண்டு கண்டம் தாண்டிப் போய்வர அது எந்த மூலைக்கு? உச்சியில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், முதல் ஆல்பம் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் யாராவது பெரிய நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டால் 'விலைபோய்விட்டார்' என்று நான் சொல்லமாட்டேன். டெம்பெஸ்டும் பின்னாளில் அந்தப் பக்கம் போனவர்தான்.

சரி, புதியவர்கள். ஜெஷி கிழக்கு லண்டன்காரர். 2022இல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே 'யூனிவர்சல் கிரெடிட்', அதாவது வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அங்கே அரசு தரும் உதவித்தொகை. வறுமையைப் பாடும்போது வழக்கமாக வரும் கண்ணீரும் இல்லை, வீறாப்பும் இல்லை. மாசக் கடைசியின் அலுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்தான். எனி, தென்கிழக்கு லண்டனின் தேம்ஸ்மீட் பகுதிப் பெண். 2020இல் 'பெங் பிளாக் கேர்ல்ஸ்' பாட்டால் கவனம் பெற்றார். அவசரப்படாத குரல்.

மான்செஸ்டரின் ஆன்டனி ஷ்மியெரெக் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நடன இசையின் மேல் பேச்சுவாக்கில் கதை சொல்கிறார், 2025இல் முதல் ஆல்பம் வந்தது. சில இடங்களில் சாமர்த்தியம் கொஞ்சம் தூக்கல். ஜோஷுவா இடெஹென் நைஜீரிய வேர் கொண்ட பிரிட்டிஷ் கவிஞர், இப்போது ஸ்வீடன்வாசி. சன்ஸ் ஆஃப் கெமெட் என்ற ஜாஸ் குழுவின் 2018 ஆல்பத்தில் கோபமாக முழங்கியவர், இப்போது சிரிக்க வைக்கிறார். 'மம் டஸ் தி வாஷிங்' கேளுங்கள்: அம்மா துணி துவைப்பதை வைத்தே ஒவ்வொரு அரசியல் சித்தாந்தத்தையும் விளக்கிவிடுகிறார்.

ஈழத்தமிழ் ராப் பாடகி எம்.ஐ.ஏ.வை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பீர்கள். ஹவுன்ஸ்லோவில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் திரும்பியவர், 'அருளர்' ஆல்பம் 2005இல் வந்தது. நம்மவர் என்ற பெருமை இருக்கட்டும், ஆனால் நீங்கள் கேட்டது புதியவர்களை.

ஆங்கில உச்சரிப்பு பிடிபடாது என்று பயந்தால் டெம்பெஸ்டின் 'லெட் தெம் ஈட் கேயாஸ்' ஆல்பத்தில் தொடங்கலாம். அதிகாலை 4:18, லண்டனில் ஒரே தெரு, தூக்கம் வராத ஏழு பேர், ஒருவரையொருவர் தெரியாது. புத்தகமாகவும் வந்திருப்பதால் வரிகளைக் கண்ணால் தொடரலாம். வண்டி ஓட்டும்போது போடாதீர்கள், பாதி தவறிவிடும். பிடித்த ஆல்பம், கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் இருந்தால் அங்கேயே வாங்குங்கள்; டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம்தான் அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது.